சாலையோரப் பஞ்சாயத்தில் கரையும் லட்சங்கள்

விபத்து நடந்த அன்றே ஒரு பஞ்சாயத்து கூடிவிடுகிறது. ஆஸ்பத்திரி வாசலில், காவல் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில், சில ஊர்களில் ஜமாஅத் அலுவலகத்திலேயே கூடுகிறது. மோதிய லாரியின் உரிமையாளர் அனுப்பிய ஆள் வருகிறார். நம்மவர்களில் நாலு பெரிய மனிதர்களும் வந்து உட்காருகிறார்கள். "நடந்தது நடந்துவிட்டது. கேஸ், கோர்ட் என்று உங்களால் அலைய முடியுமா? செலவுக்கு இதை வைத்துக் கொள்ளுங்கள்" என்று முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ கைமாறுகிறது. 'எங்களுக்குள் சமாதானமாகப் போய்விட்டோம்' என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கப்படுகிறது. உள்ளே படுத்திருப்பவனுக்குக் காலில் இரண்டாவது ஆபரேஷன் தேவை என்று டாக்டர் சொல்லும்போது, அந்த நாலு பெரிய மனிதர்களில் ஒருவரும் பக்கத்தில் இருப்பதில்லை.

2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழகச் சாலைகளில் 64,105 விபத்துகள் நடந்தன. 17,884 உயிர்கள் போயின. விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். அதிகாலையில் சரக்கு எடுக்கப் புறப்படும் வியாபாரியும், இரவு கடை அடைத்து பைக்கில் வீடு திரும்பும் வாலிபரும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

தவறு நம் பக்கம் இல்லாதபோதும் நம்மவர்கள் ஏன் இப்படி விட்டுக் கொடுக்கிறார்கள்? "டிரைவர் ஏழை, பாவம், அவன் எங்கே போவான்?" என்பது முதல் காரணம். இரக்கம் நல்லதுதான். ஆனால் நஷ்ட ஈட்டை டிரைவர் தன் பையிலிருந்து எடுத்துத் தருவதில்லை. சாலைக்கு வரும் ஒவ்வொரு வாகனமும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அது எதற்காக? அந்த வண்டியால் அடிபட்டவனுக்குக் கொடுப்பதற்காக. நீங்கள் ஐம்பதாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டால் லாபம் ஏழை டிரைவருக்கு அல்ல, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு!

"உயிர் போனதற்குக் காசு வாங்குவதா?" என்று கேட்கும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. தவறுதலாக ஓர் உயிர் போனாலும் இறந்தவரின் குடும்பத்துக்கு ஈட்டுத் தொகை கொடுக்கச் சொல்கிறது திருக்குர்ஆன் (4:92). அந்தக் குடும்பத்தார் தாமாக விட்டுக் கொடுத்தால் தவிர. விட்டுக் கொடுக்கும் உரிமை கூட அந்தக் குடும்பத்துக்குத்தான் உண்டு. பஞ்சாயத்துப் பேச வந்த மாமாவுக்கோ மச்சானுக்கோ அல்ல.

ஐம்பதாயிரத்தில் கரைந்து போவது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 34 வயது வியாபாரி. மாதம் 18,000 ரூபாய் வருமானம். மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாய் என்று அவரை நம்பி நாலு பேர். ஆண்டு வருமானம் 2,16,000. சொந்தத் தொழில் செய்பவர் 40 வயதுக்கு உட்பட்டவர் என்றால் எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஆக 3,02,400. அவருடைய சொந்தச் செலவுக்காக நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 2,26,800. அவர் வயதுக்குரிய பெருக்கல் எண் 16. இந்த அட்டவணை 2009லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றது. பெருக்கினால் 36,28,800 ரூபாய். ஈமச் செலவு போன்றவற்றுக்குரிய தொகைகள் தனி.

ஆனால் இந்தத் தொகை முழுதாகக் கைக்கு வருவதில்லை. ஏன் தெரியுமா? அந்த 18,000 ரூபாய்க்கு நம் வியாபாரியிடம் ஒரு துண்டுக் காகிதம் கூட இருக்காது! பில் புத்தகம் கிடையாது, வருமான வரிக் கணக்கு கிடையாது, வங்கியில் போட்ட பணம் கிடையாது. எல்லாம் கல்லாப்பெட்டியிலும் மனக்கணக்கிலும். ஆதாரம் இல்லாதவருக்கு நீதிமன்றம் தானாக ஒரு வருமானத்தை அனுமானிக்கும். அது மாதம் 10,000 என்று வைத்துக் கொண்டால், அதே கணக்கில் கிடைப்பது 20,16,000. கணக்கு எழுதாத குற்றத்துக்கு அனாதைப் பிள்ளைகள் கட்டும் அபராதம் 16 லட்சம்! வரிக்குப் பயந்து கணக்கை மறைப்பவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். கடை வசூலை வங்கிக் கணக்கில் போட்டு எடுக்கலாம்.

கடை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கடைப் பையன் அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறீர்கள், பணமும் தருகிறீர்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் "சம்பளச் சான்று கொடுங்கள், கோர்ட்டில் வந்து சொல்லுங்கள்" என்றதும் பின்வாங்குகிறீர்கள். தொழிலாளர் துறை வருமோ, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கேட்பார்களோ என்ற பயம். எழுதிக் கொடுத்தவர் கூண்டேறிச் சாட்சி சொல்லாத சம்பளச் சான்று பெரும்பாலும் நிற்பதில்லை. பத்து வருடம் உங்கள் கடையில் உழைத்தவனுக்காக ஒரு நாள் கோர்ட்டில் நிற்கக் கூடாதா?

விபத்து நடந்தால் முதல் சில நாட்களில்தான் வழக்கின் பாதி முடிவாகிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது 'கீழே விழுந்துவிட்டார்' என்று சொல்லிவிடாதீர்கள். எந்த வண்டி, எங்கே, எத்தனை மணிக்கு மோதியது என்று விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். வழக்கறிஞர்கள் முதலில் கேட்பது இந்த 'ஏ.ஆர். காப்பி'யைத்தான். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வராதீர்கள், எஃப்.ஐ.ஆர். பதிவாகி அதன் நகல் கைக்கு வர வேண்டும். அதில் தவறு யார் மீது எழுதப்பட்டிருக்கிறது என்பதை, படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் படித்துப் பாருங்கள். வண்டி எண், பாலிசி விவரம், சாட்சிகளின் பெயர், மருந்துக் கடை பில் வரை எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். டிரைவர் கிரிமினல் வழக்கில் விடுதலையாகிவிட்டார் என்பதாலேயே நஷ்ட ஈட்டு வழக்கு விழுந்துவிடாது. இங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தே தீர்ப்பு.

"எப்போது வேண்டுமானாலும் கேஸ் போடலாம்" என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். 1994 திருத்தத்துக்குப் பின் இருந்த பழைய நிலை அது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்கிறது சட்டம். இதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவும் போட்டது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆந்திர நெடுஞ்சாலையில் அடிபட்டாலும் ஆந்திராவுக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் பகுதிக்குரிய மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம்.

இன்னொரு கண்ணி. யார் தவறு என்று பார்க்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் என்று 164வது பிரிவு தருகிறது. தவறு யாருடையது என்று நிரூபிக்க வழியில்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அதை வாங்கிக் கொண்டால் 166வது பிரிவில் முழு நஷ்ட ஈடு கேட்கும் வழக்கு முடிந்து போகும். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால் மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறை அதிகாரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இப்படி ஒரு திட்டம் இருப்பதே நம் ஊர்களில் பலருக்குத் தெரியாது.

அரசு பஸ் மோதினால் இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை. போக்குவரத்துக் கழகமே தர வேண்டும். தீர்ப்பு வந்தும் தராமல் இழுத்தடிப்பதும், கோர்ட் அமீனா வந்து பஸ்ஸை ஜப்தி செய்வதும் நாம் பத்திரிகையில் அடிக்கடி படிப்பவைதான். தாமதமாகும், ஆனால் பணம் போய்விடாது.

தீர்ப்பாயம் தொகையை அறிவிக்கும்போது மனைவிக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு, பெற்றோருக்கு இவ்வளவு என்று பிரித்தே எழுதுகிறது. சிறுபிள்ளைகளின் பங்கு வயது வரும்வரை வங்கியில் வைக்கப்படுகிறது. டீக்கடைப் பஞ்சாயத்தில் இந்தப் பிரிவினை கிடையாது. பணம் மாமனாரின் அல்லது மைத்துனரின் கைக்குப் போகிறது. இத்தா முடிந்ததும் இளம் விதவை கைக்குழந்தையோடு தாய் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். இதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும் ஜமாஅத் நிர்வாகிகள், அடுத்த முறை பேனாவை எடுப்பதற்கு முன், அந்தப் பெண்ணை அழைத்து அவளுக்குச் சம்மதமா என்று கேட்கட்டும். ஒரு வழக்கறிஞரைப் பார்த்து வரும்வரை அந்தத் தாளைத் தள்ளி வைக்கட்டும்.