ஒரே தொகுதி, மூன்று தேர்தல்கள்

ஒரே சட்டமன்றக் காலத்தில் மூன்று முறை வாக்குச்சாவடிக்குச் சென்றவர்கள் ஈரோடு கிழக்குத் தொகுதி மக்கள். 2021-இல் அவர்கள் தேர்ந்தெடுத்த காங்கிரசின் திருமகன் ஈவெரா 2023 சனவரியில் காலமானார். அடுத்த மாதமே நடந்த இடைத்தேர்தலில் அவருடைய தந்தை ஈ.வெ.கி.ச. இளங்கோவன் வென்றார். 2024 டிசம்பரில் அவரும் மறைந்தார். 2025 பிப்ரவரி 5 அன்று நடந்த இடைத்தேர்தலில் திமுகவின் சந்திரகுமார் வெற்றி பெற்றார்.

காலியான இடத்தைப் பொதுவாக ஆறு மாதங்களுக்குள் நிரப்ப வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். எந்தத் தொகுதியும் நெடுநாள் குரலற்றுக் கிடக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். ஆனால் பெரிய கட்சிகள் இடைத்தேர்தலைத் தங்கள் பலப்பரீட்சையாகவே பார்க்கின்றன. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், பணப்பட்டுவாடா காரணமாகவே நிறுத்தப்பட்டது.

ஆளுங்கட்சி அதிகாரத்தைப் பயன்படுத்துகிறது என்று கூறி எதிர்க்கட்சி ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. 2015-இல் ஆர்.கே. நகரில் திமுக ஒதுங்கியது, 2025-இல் ஈரோட்டில் அதிமுக ஒதுங்கியது, பாஜகவும் போட்டியிடவில்லை. குற்றச்சாட்டில் உண்மை இருக்கலாம். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் வாக்காளர் அல்லவா?

1967 முதல் 2021 வரை நடந்த பொதுத்தேர்தல்களில் இவ்விரு கட்சிகளுள் ஒன்றே தமிழகத்தில் ஆட்சி அமைத்தது. ஒன்று தவறினால் மற்றொன்று என்பது மக்களுக்கு ஒரு பாதுகாப்புதான். ஆனால் இரண்டில் ஒன்று விலகியதும் தேர்தலே களையிழக்கிறது என்றால், அந்தப் பாதுகாப்பின் எல்லை அங்கே தெரிகிறது. 2025-இல் ஈரோடு கிழக்கில் 6,000-க்கும் மேற்பட்டோர் 'நோட்டா'வை அழுத்தினார்கள். அந்தப் பொத்தான் ஒருவரையும் தோற்கடிப்பதில்லை. எனினும் வரிசையில் நின்று, 'எங்களுக்கு உரிய தேர்வு கிடைக்கவில்லை' என்று அவர்கள் பதிவு செய்தார்கள்.

வாக்குரிமை என்பது உரிமை மட்டுமன்று, பொதுநலனுக்காக ஆற்ற வேண்டிய கடமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நினைவூட்டுகிறது. கட்சிகள் ஒதுங்கலாம், நாம் ஒதுங்க இயலாது. அடுத்த முறை நம் தொகுதியில் இடம் காலியானால், எந்தக் கட்சி வெல்லும் என்று பேசுவதோடு நில்லாமல், சாயக்கழிவு கலக்கும் வாய்க்காலைப் பற்றியும் விசைத்தறித் தொழிலாளியின் கூலியைப் பற்றியும் வீடு தேடி வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் கேட்போம். கையில் உறையைத் திணித்தால் திருப்பிக் கொடுப்போம். உறையை வாங்கிய கையால் கேள்வி கேட்க முடியுமா? சிந்திப்போம்.