பல்கலைக்கழக வாயிலில் பிறப்புச் சான்று

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகப் புல்வெளியில் மாணவர் கூடாரங்கள் எழுந்தன. காசாவில் போர் ஓய வேண்டும், இஸ்ரேலோடு தொடர்புடைய நிறுவனங்களில் பல்கலைக்கழகம் முதலிடலாகாது என்பன அவர்தம் கோரிக்கைகள். அடுத்த மாதமே நம் நாட்டில், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் கருப்புடை அணிந்தனர். இதய அறுவை மருத்துவ மேற்படிப்பில் பூமிபுத்ரா அல்லாதாரையும் தற்காலிகமாகச் சேர்க்கலாம் என்ற யோசனையை எதிர்த்தே அக்கருப்பு. இரண்டையும் ‘மாணவர் எழுச்சி’ என ஒரே தட்டில் வைத்துப் போற்றுவோர் உளர். அவர்களோடுதான் எனக்கு வழக்கு.

காசாக் குழந்தைகளுக்காகக் குரல் எழுப்புவதை நான் குறைகூறேன். போரை எதிர்ப்பது மாணவர் உரிமை. ஆயின், யூதத் தொப்பி அணிந்து வகுப்புக்குச் செல்லும் ஒருவனை வழிமறித்து வசைபாடுவதும், மாணவர் மன்றங்களிலிருந்து அவனை ஒதுக்குவதும் எந்தப் போரை நிறுத்தும்? இத்தகைய கொடுமைகள் நேர்ந்தமையை அப்பல்கலைக்கழகம் அமைத்த குழுவே 2024 ஆகஸ்டில் எடுத்துரைத்தது. இத்தனைக்கும் அக்கூடாரங்களுக்குள் யூத மாணவரும் இருந்தனர். தம் பாஸ்கா விருந்தையும் அங்கேயே நடத்தினர். ஒருவன் பிறப்பைக் கொண்டு அவன் கருத்தை அளக்க முடியாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

“யூதர் கதை நமக்கெதற்கு?” என்று சிலிம் ரிவர்த் தோட்டத்திலிருந்து மகனைப் படிக்க அனுப்பிய தந்தை கேட்கலாம். நியாயமான கேள்வியே. 2016 ஜூன் மாதத்தை அவர் நினைவுகூரட்டும். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய, ஆசிய நாகரிகப் பாடத்துக்கெனத் தயாரித்த படவில்லைகள் வெளிவந்தன. உடலழுக்கை இந்துக்கள் சமய நெறியாகவே கொண்டிருந்தனர் என்றும், இஸ்லாமே அவர்களுக்கு நாகரிகம் புகட்டிற்று என்றும் அவற்றில் கண்டிருந்தது. சீக்கியரும் தப்பவில்லை. விரும்பினால் படிக்கலாம் என்று விடப்பட்ட பாடமன்று அது, கட்டாயப் பாடம்! கண்டனம் வலுத்தபின் பல்கலைக்கழகம் வருந்தியது, திருத்த முன்வந்தது. அவ்வகுப்பில் நம் பிள்ளைகள் விழுங்கிய அவமானமும், கொலம்பியாவில் அந்த யூத மாணவன் விழுங்கியதும் வேறு வேறு சுவையுடையன என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். 1922இல் ஹார்வர்டு மாணவரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் யூதர். அதன் தலைவர் லோவெல் இதைக் கண்டு கலங்கி, அவர்கள் தொகைக்கு வரம்பு கட்ட முனைந்தார். வெளிப்படையான வரம்பை ஆசிரியர் குழு ஏற்கவில்லை. எனவே, 1926 முதல் ‘பண்பு நலன்’ பார்க்கிறோம், புகைப்படம் அனுப்புக என்று கொல்லைப்புற வழி வகுக்கப்பட்டது. நிற்க. மதிப்பெண் நிறையப் பெற்றும் கேட்ட துறை கிட்டாத நம் மாணவர்க்கு இக்கதையை விளக்கவும் வேண்டுமா?

இப்போது கருப்புடைக்கு வருவோம். 2008 ஆகஸ்டிலும் இதுவே நடந்தது. அன்றைய சிலாங்கூர் மந்திரி பெசார் காலிட் இப்ராகிம், பத்து விழுக்காட்டு இடங்களைப் பிற இனத்தார்க்குத் திறக்கலாம் என்றார். ஆயிரக்கணக்கான மாணவர் எதிர்ப்பு ஊர்வலம் வந்தனர். அரசியலமைப்பின் 153ஆம் விதி தரும் சிறப்புரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் 1971இல் அதில் சேர்த்த பிரிவு, இடங்களில் ஒரு பங்கை ஒதுக்கலாம் என்றே பேசுகிறது. பங்கு எப்போது முழுமையாயிற்று? பொதுக் கல்விக்கூடங்களில் சமயம், இனம் காரணமாகப் பாகுபாடு கூடாது என்னும் 12ஆம் விதியும் அதே நூலில்தான் அச்சாகியிருக்கிறது. கொலம்பியாவில் மாணவர் தமக்கு ஆதாயமில்லாத ஒன்றுக்காகக் கைதாயினர். இங்கோ கதவைத் தாழிடக் கூடினர். இரண்டுக்கும் ஒரே பெயரிடுவது தமிழுக்கு இழுக்கு.

நம்மவரையும் விடுவதற்கில்லை. 2023 அக்டோபர் இறுதியில் பள்ளிகளில் பாலஸ்தீன ஒருமைப்பாட்டு வாரம் நடந்தது. விளையாட்டுத் துப்பாக்கி ஏந்தியோரின் காட்சிகள் நாடெங்கும் பரவின. பள்ளிக்குள் துப்பாக்கியா என்று நாம் கண்டித்தோம், சரியே. அதே மூச்சில் யூத இனம் முழுவதையும் சபித்துப் பேசிய தமிழாசிரியர்களும் உளர். நாளை நம் சமயத்தைப் பழித்து மற்றொரு படவில்லை வருமாயின், அவர்கள் எந்த வாயால் நியாயம் கேட்பார்கள்?