தைராய்டு மாத்திரையும் வயிற்று உப்புசமும்



"டாக்டர் தைராய்டு மாத்திரையைக் கூட்டினார், அதிலிருந்து வயிறே சரியில்லை, நிறுத்திவிட்டேன்." இந்தப் பேச்சை உறவுக்காரர்களிடமும் கேட்கிறேன், என்னிடம் படித்த பெண்களிடமும் கேட்கிறேன். நானும் பல வருடமாக இந்த மாத்திரை சாப்பிடுகிறவள்தான். டாக்டர் இல்லை, வெறும் டீச்சர். இருந்தாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வயிற்றைக் காரணம் காட்டி இந்த மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. வயிற்றுக்கென்று நாமாகவே தினமும் கேஸ் மாத்திரை வாங்கிப் போடுவதும் கூடாது.

ஏன் என்று கேட்பீர்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் உடம்பில் எல்லாமே மெதுவாகிவிடும், குடலும்தான். மலச்சிக்கல், உப்புசம் எல்லாம் பெரும்பாலும் அந்தக் குறைவால் வருபவை. மாத்திரையைக் கூட்டிய மறுநாளே அது சரியாகிவிடாது. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். அளவு நிலைப்பட வாரக்கணக்கில் ஆகும் என்பதால்தான் 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். அதுவரை பொறுமை வேண்டும்.

ஆனால் அடிக்கடி வயிற்றுப்போக்கு, படபடப்பு, கை நடுக்கம், அதிக வியர்வை, எடை குறைவு என்று வந்தால் அளவு கூடிவிட்டதோ என்று பார்க்க வேண்டும். அப்போது 6 வாரம் காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, விழுங்கச் சிரமம் இருந்தால் அதைத் தைராய்டு கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்.

கேஸ் மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். தைராய்டு மாத்திரை நன்றாகக் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை அந்த அமிலத்தையே குறைக்கிறது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் சிரப்பில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் மருந்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் அப்படியே. இவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். மருந்து சேராததால் டி.எஸ்.எச். இறங்காது, டாக்டர் அளவைக் கூட்டுவார். நீங்கள் ஒருநாள் கேஸ் மாத்திரையை விட்டால் கூட்டிய அளவு அதிகமாகிவிடும். அதனால் வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். டாக்டரே கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மலச்சிக்கலுக்குத் தண்ணீர், நடை, கீரை, கொய்யா, வாழைத்தண்டு போதுமா என்று முதலில் பாருங்கள். இசப்கோல் குடிப்பவர்கள் அதையும் இந்த மாத்திரையோடு சேர்க்காமல் தள்ளி வையுங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் ஒருநாள் கூட மாத்திரையை விடக் கூடாது, அவர்களுக்குத் தேவை கூடும். தெரிந்ததுமே டாக்டரைப் பாருங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டிபன். காபியும் மருந்து சேர்வதைக் குறைக்கும். கேட்க எளிது. ஆனால் நம் வீடுகளில் இந்த மாத்திரை சாப்பிடுவது பெரும்பாலும் யார்? முதலில் எழுந்து பால் காய்ச்சி, டிகாக்ஷன் இறக்கி, டிபன் பாக்ஸ் கட்டுகிறவள். அவளுக்கு ஒரு வாய் காபி குடித்தால்தான் கை ஓடும். இரவு சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம் என்று டாக்டர்கள் சிலருக்குச் சொல்வதுண்டு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு ஒன்பதரைக்குச் சாப்பிடுகிறவளுக்கு அது எப்படி முடியும்?

ஆகவே இது அவள் ஒருத்தியின் வியாதி என்று விட்டுவிடக் கூடாது. அந்த அரை மணி நேரத்தை வீட்டில் உள்ளவர்கள்தான் கொடுக்க வேண்டும். என்னிடம் படித்த பையன்களே, உங்களுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. நாளைக் காலை காபி நீங்கள் போடுங்கள். அம்மாவோ மனைவியோ மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டுவிட்டு டம்ளரை நீட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்