ஐந்து நாய் வளர்க்கும் வீடு: சபையின் வேலையைச் செய்வது யார்?

திருகோணமலை நகரில் கட்டாக்காலி நாய்கள் பற்றிய முறைப்பாடு எழும்போதெல்லாம் விரல்கள் நீள்வது சில வீடுகளை நோக்கித்தான். நான்கு, ஐந்து, சில இடங்களில் எட்டு நாய்கள் உள்ள வீடுகள். “அவங்கதான் சோறு போட்டுப் பெருக்கிறாங்க” என்பது அயலவர்களின் குற்றச்சாட்டு. இரவில் குரைப்பு, வீதியில் சைக்கிளைத் துரத்துவது, பிள்ளைகள் பாடசாலைக்குப் போகப் பயப்படுவது என்று அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

அண்மையில் உட்துறைமுக வீதி, பாலையூற்று, அன்புவழிபுரம், சீனக்குடா பகுதிகளில் இத்தகைய வீடுகள் சிலவற்றுக்குப் போய்ப் பேசினேன். இவர்களில் எவரும் ஐந்து நாய் வளர்க்க வேண்டும் என்று தொடங்கியவர்கள் அல்ல. ஒன்றை வளர்த்தார்கள், மற்றவை கொண்டுவந்து போடப்பட்டன. மீன் சந்தையடியிலும் கோயில் வாசலிலும் உரப்பையில் கட்டிப் போடப்பட்ட குட்டிகள். அதிலும் பெரும்பாலானவை பெட்டைக் குட்டிகள். சோறு போடும் வீடு எது என்று தெரிந்ததும் அடுத்த பை அந்த வீட்டு வேலியோரமாகவே வந்து சேர்கிறது.

இது எப்படி நேர்ந்தது? இலங்கையில் விசர்நாய்க்கடி நோய் தொடர்பான கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டுக்குரியது. நாய்ப் பதிவுக்கான சட்டம் 1901இல் வந்தது. உரிமையாளர் இல்லாத நாயைப் பிடித்துக் கொல்வதே நீண்டகாலம் வழக்கமாக இருந்தது. 2006இல் அரசாங்கம் அதை நிறுத்தியது. அது சரியான முடிவு. ஆனால் கொல்வதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியிருந்த பதிவு, தடுப்பூசி, கருத்தடை ஆகிய மூன்றும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. தடுப்பூசி ஓரளவு நடந்தது. கருத்தடை, நிதி கிடைக்கும்போது மட்டும் நடக்கும் முகாமாகச் சுருங்கியது. நான் போன வீடுகளில் நாயைப் பதிவு செய்தவர் எவரும் இல்லை.

அதே 2006 எமது மாவட்டத்துக்கு வேறொரு காரணத்துக்காகவும் மறக்க முடியாத ஆண்டு. ஏப்ரலில் சம்பூரும் மூதூர் கிழக்கும் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் உள்ளாக, மக்கள் கையில் அகப்பட்டதோடு புறப்பட்டார்கள். மட்டக்களப்பு, பின்னர் கிளிவெட்டி முகாம் என்று அலைந்தவர்களில் பலருக்கு 2015, 2016இல்தான் சொந்தக் காணி திரும்பக் கிடைத்தது. புறப்படும்போது மாட்டையும் நாயையும் அவிழ்த்துவிட்டுப் போனார்கள். கட்டியிருந்தால் பட்டினியில் செத்துவிடும் என்பதால் செய்த கடைசி உபகாரம் அது. வன்னியிலும் 2008, 2009இல் இதையே செய்தோம்.

சம்பூரிலிருந்து வந்து இப்போது நகரில் மகளோடு இருக்கும் ஓர் அம்மா சொன்னார்: “இழப்பு விபரம் எழுதக்குள்ள வீடு, மாடு, மரம் எல்லாம் கேட்டாங்க. நாயை ஒருத்தரும் கேக்கல்ல. நானும் சொல்லல்ல.” இன்று அவர் வீட்டில் ஆறு நாய்கள். அவரை ‘நாய்ப் பைத்தியம்’ என்று ஒழுங்கையில் சொல்கிறார்கள். அவருக்கும் அது தெரியும்.

ஆனால் அந்த வீட்டில் நான் கண்டது பைத்தியம் அல்ல, ஒழுங்கு. ஆறு பழைய தட்டுகள் ஒன்றுக்கொன்று எட்டத்தில், எப்போதும் அதே இடத்தில் வைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இருந்த பிறகே சாப்பாடு. வயதானதுக்கு முதலில், அவதிப்பட்டுத் தின்பது கடைசியாக, கொட்டிலுக்குப் பின்னால். சண்டை மூண்டால் கையை இடையில் விடுவதில்லை, வாளித் தண்ணீரை ஊற்றுவார். சொன்னதைக் கேட்டால் அவித்த சூடை மீன் துண்டு ஒன்று. கேட்காவிட்டால் அடி இல்லை, மீனும் இல்லை. எமது மண்ணில் மிதிவெடி தேடுவதற்குப் பயிற்றப்பட்ட நாய்களுக்கும் அடிப்படை இதுவேதான்: சரியாகச் செய்தால் வெகுமதி. அந்த நாய்களுக்குச் சம்பளம் பெறும் பயிற்றுநரும் மருத்துவரும் இருந்தார்கள். இந்த அம்மாவுக்கு இருப்பது ஒரு பானையும் இரண்டு கைகளும்.

பானைக்கும் செலவு உண்டு. 2022 செப்டெம்பரில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியபோது மனிதருக்கே அரிசி தட்டுப்பட்டது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்த நாட்களில் மீன் கழிவும் கிடைக்கவில்லை. பிறகு விலை உயரும் வேகம் குறைந்ததே தவிர, விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. குறுணல் அரிசி, மீன் தலை, தடுப்பூசி, உண்ணிக்கு மருந்து, ஓட்டோக் கூலி எல்லாமே பெண்களின் சிறு வருமானத்திலிருந்து போகின்றன.

இவர்கள் செய்வது தனிப்பட்ட இரக்கம் மட்டுமல்ல, பொதுச் சுகாதார வேலையும்கூட. ஒரு பகுதி நாய்களில் 70 வீதமானவற்றுக்குத் தடுப்பூசி போட்டால் விசர் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவு. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் ஆண்டுக்கு 300க்கு மேற்பட்டோர் இந்நோயால் இறந்தார்கள். அந்தத் தொகை இப்போது பல மடங்கு குறைந்திருக்கிறது. ஆனாலும் நோய்க்குறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. கடித்தாலோ கீறினாலோ உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கு ஊசி இலவசம். குட்டி நாய்தானே என்று பேசாமல் இருப்பதுதான் உயிரைக் கொண்டுபோகிறது.

ஊசி போட்ட, கருத்தடை செய்த, பெயருக்கு வரும் ஆறு நாய்களை ‘எங்காவது கொண்டுபோய் விடுங்கள்’ என்றால் என்ன நடக்கும்? அந்த இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய்கள் வரும். பெட்டை நாய் இரண்டு மாதத்தில் ஈனும், பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். ஓர் ஆண்டு கழியுமுன் பழைய கணக்கு திரும்பிவிடும்.

2023 மார்ச்சிலிருந்து மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இயங்கிய உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே 6இல் தேர்தல் நடந்தது. வாக்குக் கேட்டு வந்தவர்கள் வீதி, வடிகால், குப்பை பற்றிப் பேசினார்கள். குப்பை அகற்றாத சந்தியில்தான் நாய்கள் கூடுகின்றன என்பதால் இதுவும் அவர்கள் வேலைதான். சபைகள் செய்யக்கூடியவை பெரிய காரியங்களும் அல்ல. நிதி வரும்வரை காத்திராமல், கால்நடை வைத்தியர்களோடு சேர்ந்து குறித்த நாளில், குறித்த இடத்தில் மாதந்தோறும் கருத்தடை நடத்தலாம். முதலில் பெட்டைகளுக்குச் செய்தால் போதும். பல நாய் உள்ள வீடுகளைத் தண்டிக்காமல் பதிவு செய்யலாம். தண்டம் என்றால் மக்கள் நாயை ஒளிப்பார்கள். ஒளித்த நாய்க்கு ஊசி விழாது. குட்டிகளைக் கொண்டுவந்து போடுபவர்கள் மீதுதான் நடவடிக்கை வேண்டும். மிருக வதைக்கு 1907ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த உச்சத் தண்டம் 100 ரூபா. பாராளுமன்றம் அதை மாற்றும்வரை சபைகள் கண்காணிப்பையாவது தொடங்கலாம்.

அயலவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன், தடுப்பூசி அட்டை இருக்கிறதா, எத்தனை பெட்டைகள் கருத்தடை இல்லாமல் இருக்கின்றன என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த முகாமுக்கு ஓட்டோக் கூலியில் பங்கு போடுங்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து உங்கள் வட்டார உறுப்பினரிடம் போங்கள். முறைப்பாடு போக வேண்டிய வாசல் அதுதான்.