பாக்கெட்டுக்குள்ளே ஒரு மைக்!



“ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ...” இந்த வார்த்தைகளைக் கேட்காமல் நம்ம ஊரில் வளர்ந்தவர் யார்? ஆடி மாதக் கூழ் வார்க்கும் விழாவாகட்டும், மஞ்சள் நீராட்டு விழாவாகட்டும், கட்சிப் பொதுக்கூட்டமாகட்டும், மைக் செட் அண்ணன் முதலில் வந்து மைக்கைத் தட்டிப் பார்ப்பார். ஊதிப் பார்ப்பார். பேசுகிறவர் என்ன பேசினாலும் சரி, கடைசி வரிசையில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும் என்பது அவருடைய தொழில் தர்மம்.

ஆனால் மூன்று வருடம் டிப்ளமோ படித்து, ரெக்கார்டு நோட்டு எழுதி, அரியர் முடித்து, கம்பெனி இண்டர்வியூவுக்கு உட்காரும் நாம் என்ன செய்கிறோம்? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, “சார், கேக்குதா சார்? இப்ப கேக்குதா சார்?” என்று கேட்டே பாதி நேரத்தைப் போக்கிவிடுகிறோம். பதில் தெரியாமல் தோற்றால் அது நியாயம். பதில் தெரிந்தும், சொன்னது போய்ச் சேராமல் தோற்றால்?

இதற்கு ஒரு வழி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. செல்போனைக் கம்ப்யூட்டருக்கு ஒயர் இல்லாத மைக்காக மாற்றிக்கொள்ளலாம். அதற்கு நமது கல்லூரி லேபில் ஒரு மூலை ஒதுக்க வேண்டும். இதுவே என் கருத்து.

ஏன் இந்தப் பேச்சு?

“போனிலேயே இண்டர்வியூ அட்டென்ட் பண்ணிட வேண்டியதுதானே?” என்று நீங்கள் கேட்கலாம். வெறும் பேச்சு மட்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் மெக்கானிக்கல் மாணவரிடம், “நீங்க வரைஞ்ச டிராயிங்கைத் திறந்து காட்டுங்க” என்பார்கள். கம்ப்யூட்டர் துறை மாணவரிடம், “இந்த புரோகிராமை இங்கேயே எழுதி ஓட்டுங்க” என்பார்கள். ஆறு அங்குலத் திரையில் ஆட்டோகேட் டிராயிங்கைக் காட்ட முடியுமா? கம்ப்யூட்டர் வேண்டும். ஆனால் லேபில் இருக்கிற டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் மைக் இருக்காது. வீட்டில் இருக்கிற பழைய லேப்டாப்பில் மைக் இருந்தாலும், அது திரைக்கு மேலேயோ கீபோர்டு பக்கத்திலேயோ இருந்துகொண்டு, நம் குரலைவிட ஃபேன் சத்தத்தையும் கீபோர்டு தட்டும் சத்தத்தையும்தான் நன்றாக வாங்கும்.

அரசு நமக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பாலிடெக்னிக் மாணவர்களும் பயன் பெற்றார்கள். கொரோனா காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஆன்லைன் வகுப்புக்காகக் கல்லூரி மாணவர்கள் சுமார் 9.7 லட்சம் பேருக்குத் தினமும் 2 ஜிபி டேட்டா இலவசமாக அறிவித்தார்கள். அதிலும் பாலிடெக்னிக் மாணவர்கள் உண்டு. கணினி வந்தது, டேட்டா வந்தது. குரல் உள்ளே போகிற வாசல் எது என்பதை மட்டும் அதிகம் பேர் யோசிக்கவில்லை. பாடத்தைக் கேட்பதற்கு எல்லாம் தயார். நாம் திருப்பிப் பேசுவதற்குத்தான் எதுவும் தயாராக இல்லை!

தூரம்தான் எதிரி

மீஞ்சூரில் அமைதியான அறை என்பது கிடைத்தற்கரிய பொருள். டி.பி.பி. ரோட்டில் எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள். தண்டவாளத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கல். அது போனால் சரக்கு ரயில். ஜன்னலைச் சாத்தினால் வியர்வை, திறந்தால் ஹாரன். இந்த ஊரில் உட்கார்ந்து ஒருவன் இண்டர்வியூ பேச வேண்டும் என்றால் என்ன வழி?

இங்கேதான் நாம் படித்த பிசிக்ஸ் கை கொடுக்கிறது. ஒலியின் செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று முதலாம் ஆண்டிலேயே படித்தோம். லேப்டாப் மைக் உங்கள் வாயிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். போனை 15 செ.மீ. தூரத்தில் வைத்தால், தூரம் நாலில் ஒரு பங்கு. அப்படியானால் மைக்கை அடையும் உங்கள் குரலின் செறிவு 16 மடங்கு! டெசிபல் கணக்கில் 12. ஆனால் ரோட்டில் போகிற லாரிக்கு இந்த 45 செ.மீ. ஒரு பொருட்டே அல்ல. அதன் சத்தம் இருந்தபடியேதான் இருக்கும். ஆக, லாரியை நிறுத்தாமலேயே லாரியின் சத்தத்தை நாம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறோம். விலை உயர்ந்த மைக்கைத் தூரத்தில் வைப்பதைவிடச் சாதாரண மைக்கைக் கிட்டே வைப்பது பல சமயம் மேல். செல்போன் மைக்கின் பெருமை அதன் பிராண்டில் இல்லை, எங்கே வேண்டுமானாலும் நகர்த்தி வைக்கலாம் என்பதில்தான் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

ஈ.சி.இ. அல்லாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் எலெக்ட்ரெட் மைக்கை உருவாக்கினார்கள். ஒரு மெல்லிய சவ்வு, அதன் பின்னால் ஒரு தகடு. இரண்டும் சேர்ந்து ஒரு கெபாசிட்டர். நாம் பேசினால் சவ்வு அதிரும், இடைவெளி மாறும், மின்னழுத்தமும் மாறும். காந்தத்தில் காந்த சக்தி தங்கியிருப்பதுபோல் அதில் மின்னூட்டம் நிரந்தரமாகத் தங்கியிருக்கும். அதனால்தான் மைக் மலிவாயிற்று, சிறிதாயிற்று. இன்றைய போன்களில் இருப்பது அதற்கும் அடுத்த தலைமுறை. சிலிக்கானில் செதுக்கிய, சில மில்லிமீட்டர் அளவே உள்ள மைக். ஒரு போனில் பெரும்பாலும் இரண்டு இருக்கும். பேசுவதற்கு ஒன்று, சுற்றுச் சத்தத்தைக் கழிப்பதற்கு இன்னொன்று.

இந்த மைக் தருகிற சிக்னலை, வழக்கமாக விநாடிக்கு 48,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதுகிறார்கள். பெருக்கிப் பாருங்கள், விநாடிக்கு 7,68,000 பிட். பழைய லேண்ட்லைன் எக்ஸ்சேஞ்ச் ஒரு குரலுக்கு ஒதுக்கியது வெறும் 64,000 பிட்தான். போனில் போட்ட ஆப் இந்த பிட்டுகளைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டரில் போட்ட டிரைவர், உண்மையில் இல்லாத ஒரு மைக்கை இருப்பதுபோல் காட்டும். மீட்டிங் மென்பொருளும் அதை நம்பி, “இதோ ஒரு மைக்” என்று எடுத்துக்கொள்ளும். வோ மைக், ஆடியோ ரிலே போன்ற ஆப்கள் செய்வது இவ்வளவுதான். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை!

போனையும் கம்ப்யூட்டரையும் இணைக்க வழி மூன்று: யூ.எஸ்.பி. ஒயர், வைஃபை, புளூடூத். ஒயரே இல்லாமல் செய்வதில் கவர்ச்சி அதிகம் என்றாலும், முக்கியமான நாளில் யூ.எஸ்.பி. ஒயரைச் சொருகிவிடுவதே என் சிபாரிசு. சார்ஜும் ஏறும், இணைப்பும் அறுந்து போகாது. வைஃபை என்றால் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். பல இடங்களில் பொது வைஃபை ஒரு கருவியை இன்னொரு கருவியோடு பேச விடாது. அப்போது போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு, கம்ப்யூட்டரை அதில் சேர்த்துவிடுங்கள். மைக்கின் ஒலி போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவிலேயே போவதால், அதற்கு டேட்டா செலவாகாது. மீட்டிங்குக்குத்தான் செலவாகும்.

தாமதத்தையும் கவனிக்க வேண்டும். ஒருவர் பேசியது மற்றவருக்குப் போய்ச் சேர 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இண்டர்நெட் ஏற்கெனவே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சத்தை நம்ம வைஃபை தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கரை அலற விட்டு மைக்கைத் திறந்து வைத்தால் எதிரொலி கேட்கும், சமயத்தில் கோவில் மைக் செட்டில் வருகிற அதே ‘ஊய்ங்’ வரும். கம்ப்யூட்டரில் இயர்போன் மாட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. நடுவில் போன் வந்தால் மைக் கையைவிட்டுப் போய்விடும், யூ.எஸ்.பி.யோ வைஃபையோ பயன்படுத்துகிறவர்கள் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட வேண்டும். ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் அப்படிச் செய்ய முடியாது, டேட்டா நின்றுவிடும். அவர்கள் வருகிற அழைப்புகளைத் தடுத்து வைக்க வேண்டும்.

எதிர்க்கட்சி வாதம்

“லேபுக்குள்ள போனை விட்டா பசங்க ரீல்ஸ்தான் பாப்பாங்க” என்பது ஆசிரியர்களின் கவலை. அதை நான் தள்ளிவிடவில்லை. பார்க்கிறவர்கள் நம்மில் உண்டு! ஆனால் நான் கேட்பது கையில் இருக்கிற போன் அல்ல. ஸ்டாண்டில் மாட்டி, ஒயர் சொருகி, ஃபிளைட் மோடில், எல்லார் கண் முன்னாலும் நிற்கிற போன். அது மீட்டரும் சி.ஆர்.ஓ.வும் போல ஒரு லேப் கருவி. அதில் ரீல்ஸ் பார்ப்பது எப்படி?

“ரிச்சி தெருவில் ஹெட்செட் வாங்கினால் போச்சு” என்பது இரண்டாவது வாதம். வாங்க முடிந்தவர் வாங்கட்டும், அதில் தவறே இல்லை. வாயருகே மைக் இருக்க வேண்டும் என்ற நோக்கம் அதிலும் நிறைவேறும். ஆனால் ஒரு நாள் இண்டர்வியூவுக்காகக் காசு தேடுகிற வீடுகளும் நம்மிடையே இருக்கின்றன. அவர்களிடம் ‘வாங்கு’ என்று சொல்வதற்கு முன்னால், ‘உன்னிடம் இருப்பதே போதும்’ என்று காட்டித் தருவதுதானே தொழில்நுட்பம் படித்தவனுக்கு அழகு?

மூன்றாவது வாதம் பாதுகாப்பு. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். மைக் அனுமதி கேட்கிற ஆப், நம் வீட்டுப் பேச்சையே கேட்க அனுமதி கேட்கிறது. எல்லா ஆப்பும் குரலைப் பூட்டிப் பத்திரமாக அனுப்புவதில்லை. ஆகவே பொது வைஃபையில் இதை ஓட விடாதீர்கள். வேலை முடிந்ததும் அனுமதியை எடுத்துவிடுங்கள். 2021இல் வந்த ஆண்ட்ராய்ட் 12 முதல், மைக் திறந்திருந்தால் திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி தெரியும். அதைக் கவனிக்கப் பழகுங்கள். ஆன்லைன் தேர்விலோ, கண்காணிப்பு உள்ள இண்டர்வியூவிலோ போன் பக்கத்தில் இருக்கலாமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, கேட்காமல் மாட்டினால்தான் வெட்கம்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

நம் மாணவர் பேரவை, கல்லூரி நிர்வாகத்திடம் பணிவோடு மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும்.

ஒன்று: கம்ப்யூட்டர் லேபில் ரோட்டுப் பக்கம் இல்லாத ஒரு மூலை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டாண்டு. அங்கே மாட்டுவதற்கு ஒரு பழைய போன். டிஸ்ப்ளே கீறினாலும் கேமரா போனாலும் மைக் நன்றாக வேலை செய்கிற போன்கள் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் தூங்குகின்றன. நன்கொடையாகக் கேட்டால் கிடைக்காதா என்ன?

இரண்டு: இண்டர்வியூவுக்கு முந்தின நாள் ஒவ்வொரு மாணவருக்கும் பத்து நிமிடம் ஒத்திகை. தன் குரலைப் பதிவு செய்து தானே கேட்டுப் பார்க்கட்டும். “நான் இவ்வளவு வேகமாவா பேசறேன்?” என்று தெரிவதே பெரிய பாடம். தமிழ் மீடியத்திலிருந்து வந்து இங்கிலீஷில் பேசத் தயங்குகிற தங்கைக்கும் தம்பிக்கும் இந்தப் பத்து நிமிடம் எவ்வளவு தைரியம் தரும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று: இதைக் கட்டி, பராமரிக்கிற வேலையை இறுதியாண்டு புராஜெக்டாக ஏற்க வேண்டும். தூரம் மாறினால் டெசிபல் எவ்வளவு மாறுகிறது, ஒயருக்கும் வைஃபைக்கும் தாமதம் எவ்வளவு வித்தியாசம் என்று அளந்து எழுதினாலே அருமையான ரிப்போர்ட். கடையில் ரெடிமேடாக வாங்கிய புராஜெக்டை வைவாவில் முழித்துக்கொண்டு விளக்குவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல் அல்லவா?

தோழர்களே! செல்போனை நாம் கேட்பதற்கும் பார்ப்பதற்கும் மட்டுமே பயன்படுத்தப் பழகிவிட்டோம். யாரோ பேசுவார்கள், நாம் கேட்போம். யாரோ ஆடுவார்கள், நாம் பார்ப்போம். அதே கருவியின் அடியில், குண்டூசி முனை அளவில் ஒரு துவாரம் இருக்கிறது. அது நாம் பேசுவதற்காக வைக்கப்பட்டது. துறைமுகமும் மின்நிலையமும் தொழிற்சாலையும் சூழ்ந்த இந்த மண்ணில், இயந்திரங்களின் சத்தம் உலகத்துக்கே கேட்கிறது. இங்கே படிக்கிற பிள்ளைகளின் குரலும் கேட்கட்டும்!

சிந்திப்போம்! செயல்படுவோம்!

— மூன்றாமாண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை