வாசலில் ஒரு தபால் பெட்டி

தந்தி சேவை நம் தேசத்தில் 2013-ஆம் வருஷம் ஜூலை மாதத்தோடு முடிந்து போயிற்று. பதிவுத் தபாலும் 2025 செப்டம்பர் முதல் தேதியன்று விரைவுத் தபாலோடு ஐக்கியமாகிவிட்டது. கைக்கு அடக்கமான தொலைபேசியிலேயே கடிதமும் படமும் வந்து சேருகிற இந்நாளில், வீட்டு வாசலில் தபால் பெட்டி எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். விரைவுத் தபாலைத் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறார். கையெழுத்து இல்லாமல் வருவது சாதாரணத் தபால். கல்யாணப் பத்திரிகை, வங்கியின் அறிவிப்பு, சந்தா கட்டிய மாத சஞ்சிகை முதலியவை அந்த வகை. அது தொலைந்தால் தேடுவதற்கு ஓர் அத்தாட்சியும் கிடையாது. ஆகவே அதற்குத்தான் பத்திரமான இடம் அதிகமாக வேண்டும்.

என்னிடம் படித்த ஒரு மாணவனுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அன்று வீடு பூட்டியிருந்தது. வெளிக்கதவின் இடுக்கில் செருகப்பட்ட கடிதம் காற்றில் விழுந்து, ஐப்பசி மழையில் இரண்டு நாள் ஊறிற்று. எடுத்துப் பிரித்தபோது தேதி இருந்த இடத்தில் நீல மைக் கறைதான் மிஞ்சியது. தபால்காரரை நோவதில் பயனில்லை. கடிதத்தை வைப்பதற்கு அந்த வீட்டில் ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1896-இல் கிராமங்களுக்கு வீடு தேடித் தபால் கொண்டுபோகும் ஏற்பாடு தொடங்கியபோது, குடியானவர்கள் பழைய தகர டப்பாக்களையும் வாளிகளையும் வாசல் கம்பத்தில் மாட்டி வைத்தார்கள். 1923 முதல், பெட்டியோ கதவில் துவாரமோ இல்லாத வீட்டுக்குத் தபால் விநியோகம் கிடையாது என்று அந்நாட்டுத் தபால் இலாகா விதித்துவிட்டது. நம் நாட்டில் அவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை. நாமே மனம் வைத்தால் போதும்.

தகரப் பெட்டி கடையில் கிடைக்கும். கடற்கரை ஊர்களில் சில வருஷங்களில் துருப்பிடித்தும் போகும். மரத்தில் நாமே செய்வது உத்தமம். புது மரம் வாங்க வேண்டும் என்பதில்லை. இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல்களை விற்கும் பழைய மரக்கடைகளில் தேக்குப் பலகை கிடைக்கிறது. எத்தனையோ கோடைகளில் காய்ந்த மரமாகையால் இனி அதிகமாக முறுக்கிக்கொள்ளாது. முக்கால் அங்குல கனம் போதும். உள்ளளவு அகலம் 10 அங்குலம், உயரம் 16, ஆழம் 6 என்று வைத்துக்கொண்டால் முழுத் தாள் மடிக்காமல் வரும் உறைகூட உள்ளே இறங்கும். கடிதம் போடும் வாய் ஒன்பதரை அங்குல நீளமும் ஒன்றரை அங்குல உயரமும் இருக்கட்டும்.

பெட்டிக்கு என்ன உருவம் கொடுப்பது? நம் நாட்டு ஓட்டு வீட்டையே மாதிரியாகக் கொள்ளலாம். அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மழையைத் தடுக்கும் உபாயங்கள் அத்தனையும் அந்த வீட்டில் இருக்கின்றன. இருபுறமும் சரிந்த கூரை பக்கங்களில் 2 அங்குலமும், வாய் இருக்கும் முன்புறத்தில் 3 அங்குலமும் தாழ்வாரமாக நீண்டிருக்க வேண்டும். தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி, உளியால் ஒரு சிறு காடி எடுத்துவிடுங்கள். கூரையில் வழியும் தண்ணீர் பலகையின் அடியைப் பற்றிக்கொண்டு உள்ளே வரப் பார்க்கும். காடியைக் கண்டதும் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். வாய்க்கு மேலே கீலில் தொங்கும் மூடி அவசியம். இல்லாவிட்டால் குளவி கூடு கட்டிவிடும். அதற்கு விலாசம் எழுத வேண்டியதில்லை! அடிப்பலகையில் நான்கு சிறு துவாரங்கள் போட்டு, அதற்கு அரை அங்குலம் மேலே மெல்லிய சட்டங்களை இடைவெளி விட்டுப் பரப்புங்கள். கடிதம் சட்டத்தின் மேல் கிடக்கும், ஈரம் கீழே போய்விடும், காற்றும் உலாவும்.

இரும்பு ஆணி தேக்கில் கறுப்புக் கறை உண்டாக்கும். பித்தளைத் திருகாணியே நல்லது. கடிதம் எடுக்கும் கதவைப் பின்புறத்தில், வீட்டின் உட்பக்கம் பார்த்து வைத்துச் சிறு பூட்டும் போடலாம். மரக்கால் நட்டு அதன்மேல் பெட்டியை வைப்பவர்கள் காலை மண்ணில் புதைக்கக் கூடாது, கறையான் விருந்துண்ணும். கருங்கல்லின் மேலோ இரும்புப் பட்டையிலோ நிறுத்துவது க்ஷேமம். வருஷந்தோறும் ஐப்பசி பிறக்குமுன் ஆளிவிதை எண்ணெயோ வர்ணமோ ஒரு தடவை பூசினால், பெட்டி பேரன் காலத்துக்கும் நிற்கும்.

இனி வீட்டின் பெயர். இந்த வேலையைக் குழந்தைகளிடம் விடுங்கள். எழுத்தைக் காகிதத்தில் எழுதிப் பலகையில் ஒட்டி, சிறு உளியால் அதன் மேலேயே செதுக்கச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். நமது எழுத்தின் வளைவுகள் மரத்தின் நாரோடு சண்டை போடும். பொறுமை கற்க அதைவிட நல்ல பாடம் என் பள்ளிக்கூடத்தில் இல்லை. கதவிலக்கத்தோடு, 1972 ஆகஸ்டு 15 முதல் வழக்கிலுள்ள ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணையும் செதுக்கலாம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் முதல் இலக்கம் 6. கடைசி மூன்று இலக்கங்கள் நம் தபாலாபீஸைச் சுட்டுபவை. பிள்ளைகளுக்கு இதையும் விளக்கிச் சொல்லலாம்.

உளியும் இழைப்புளியும் ஆசாரிக்கு உரியவை, புஸ்தகம் நமக்கு உரியது என்று படித்த குடும்பங்கள் நெடுநாளாகப் பாகம் பிரித்து வைத்திருக்கின்றன. அந்தப் பாகப்பிரிவினையால் நஷ்டமடைந்தவர்கள் நாம்தான். ஒரு பலகையை மூலைமட்டம் பார்த்து அறுக்கத் தெரிந்தவனுக்குக் கணிதம் தானாகவே விளங்குகிறது. வேலைக்காரருடைய கூலியின் நியாயமும் விளங்குகிறது.

கடைசியாக ஒரு வார்த்தை. பெட்டியை மாட்டுமுன் உங்கள் தெருத் தபால்காரரை ஒரு நிமிஷம் நிறுத்தி, "எந்த உயரத்தில் இருந்தால் உங்களுக்குச் ஸௌகரியம், ஐயா?" என்று கேளுங்கள். வண்டியை விட்டு இறங்காமலே கை எட்டும்படி, மூன்றரை அல்லது நான்கு அடி உயரத்தில் வாய் இருந்தால் போதும் என்பார். அத்தனை காலமாக நம் வீட்டுக்கு வந்துபோகும் மனிதரிடம் அப்படி ஒரு கேள்வி கேட்க, இந்தப் பெட்டி நல்லதொரு காரணம்.