"எல்லாம் போச்சு சார்!" - மெயிலைத் தொலைத்துவிட்டு அழுது என்ன பயன்?

சென்னை ரிச்சி தெருவில் அடிக்கடி காணும் காட்சி இது.

ஆட்டோவில் இருந்து ஒருவர் கம்ப்யூட்டர் பெட்டியை இறக்குகிறார். ரிப்பேர் கடையில் வைக்கிறார்.

"ரொம்ப மெதுவா ஓடுது தம்பி. என்னன்னு பாரு."

"பார்மட் பண்ணி ஓ.எஸ். புதுசா போடணும் சார். உள்ளே இருக்கறதுல என்னென்ன வேணும்?"

"மேலே தெரியுற போட்டோ, பில் எல்லாம் எடுத்து வச்சுடு. வேற ஒண்ணும் இல்லே."

சொன்னதை எல்லாம் எடுத்து வைக்கிறார் மெக்கானிக். பார்மட் செய்கிறார். பெட்டி புதுப் பெட்டி போல ஓடுகிறது. கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் காலை கடை திறந்ததும் மெயிலைப் பார்க்கிறார். காலி!

பல வருட ஆர்டர் இல்லை. வெளியூர் வியாபாரிகளின் விலாசம் இல்லை. யார் எவ்வளவு பாக்கி என்று எழுதி அனுப்பிய மெயில் இல்லை. ஒன்றுகூட இல்லை.

"எல்லாம் போச்சு சார்!" என்று தலையில் கை வைத்து உட்காருகிறார்.

யார் மேல் தப்பு?

மெக்கானிக் கேட்டார். கடைக்காரர் சொன்னார். சொன்னபடி நடந்தது. பிறகு மெயில் எப்படிப் போயிற்று?

ஒளிந்திருக்கும் பைல்

அங்கேதான் இருக்கிறது சங்கதி.

போட்டோவும் பில்லும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கும். மெயில் அப்படி இல்லை. அது ஒரு தனி பைலில் அடைந்து கிடக்கும்.

பல ஆபீஸ்களில் இருப்பது "அவுட்லுக்". வந்த மெயில், போன மெயில், நம்பர், விலாசம் எல்லாவற்றையும் இது ஒரே மூட்டையாகக் கட்டி வைக்கும். அந்த மூட்டையின் பெயர் "பி.எஸ்.டி." பைல்.

2010-ம் ஆண்டு அவுட்லுக் முதல், இந்த மூட்டை வழக்கமாக "டாக்குமெண்ட்ஸ்" உள்ளே "அவுட்லுக் பைல்ஸ்" என்ற அறையில் இருக்கும். அதற்கு முந்திய அவுட்லுக் என்றால் "ஆப்-டேட்டா" போன்ற ஒரு மறைவான அறைக்குள் இருக்கும். மறைவு அறை சாதாரணமாகக் கண்ணில் படாது. அதைத் திறந்து காட்டச் சொல்லி கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டால்தான் தெரியும்.

வீட்டுக்குள் பீரோ இருக்கிறது. பீரோவுக்குள் ரகசிய அறை. அதற்குள் நகை. வீட்டுக்காரருக்கே அது தெரியாது. காலி செய்ய வந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?

கண்டுபிடிப்பது சுலபம்

தெரிந்துகொள்ள 2 நிமிடம் போதும்.

அவுட்லுக்கில் "பைல்" என்பதைத் தட்ட வேண்டும். "அக்கவுண்ட் செட்டிங்ஸ்" போக வேண்டும். அதில் "டேட்டா பைல்ஸ்" என்று ஒரு பக்கம் வரும். "ஓப்பன் பைல் லொக்கேஷன்" என்றால் மூட்டை இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும்.

அவுட்லுக்கை முதலில் மூடிவிட்டு, அந்த பைலை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளலாம். திறந்து வைத்துக்கொண்டு எடுத்தால் நகல் ஒழுங்காக வராது.

"தண்டர்பேர்டு" வைத்திருப்பவர்கள் "ஹெல்ப்" பகுதியில் "டிரபுள்ஷூட்டிங் இன்பர்மேஷன்" பார்க்க வேண்டும். "புரொபைல்" அறை எங்கே என்று அதுவே காட்டும். அந்த அறையை அப்படியே முழுதாக நகல் எடுத்தால் மெயிலும் வரும், விலாசமும் வரும்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கடைப் பையன் செய்துவிடுவான். ஆனால் செய்யச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே!

"எல்லாம் கூகுள்ல இருக்கு சார்!"

இப்படிச் சொல்பவர்கள் நிறைய பேர். பாதி உண்மை.

பிரவுசரில் ஜிமெயில் பார்ப்பவருக்கு மெயில் கூகுள் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். பெட்டி உடைந்தாலும் மெயில் போகாது.

அவுட்லுக் போன்றவற்றில் இரண்டு வழி உண்டு. "ஐமேப்" என்பது ஒரு வழி. இதில் மெயில் சர்வரில் இருந்துகொண்டே இருக்கும். "பாப்" என்பது இன்னொரு வழி. இது மெயிலை இறக்கிக் கொடுத்துவிட்டு சர்வரில் இருப்பதை அழித்துவிடலாம். அப்போது உலகத்தில் இருக்கும் ஒரே பிரதி அந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான்.

பழைய கடைகளிலும் சின்ன ஆபீஸ்களிலும் "பாப்" இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தன் ஆபீசில் இருப்பது எந்த வழி என்று முதலாளிக்குத் தெரிய வேண்டாமா?

போன் கதையும் இதுதான். நம்பர் சேமிக்கும்போது "எங்கே சேமிக்க?" என்று போன் கேட்கும். போன், சிம், கூகுள் என்று மூன்று இடம் காட்டும். அவசரத்தில் எதையோ தட்டிவிடுகிறார்கள். "போன்" என்று தட்டியிருந்தால், பஸ் நெரிசலில் போனைப் பறிகொடுக்கும்போது நம்பரும் சேர்ந்து போகும். சிம்மில் வைத்தால் சுமார் 250 நம்பரோடு இடம் தீர்ந்துவிடும்.

வாட்ஸ்அப் பேக்கப் இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது பேச்சுக்கும் படத்துக்கும் எடுக்கும் நகல். அதை நம்பி நம்பர் புத்தகத்தை விட்டுவிடக் கூடாது.

பெரிய இடத்திலும் பிசகு

கூகுளில் இருந்தால் மட்டும் கவலை இல்லையா? அதுவும் இல்லை.

2011 பிப்ரவரியில் ஜிமெயிலிலேயே கோளாறு வந்தது. புதிதாகப் போட்ட ஒரு மென்பொருளில் பிழை. 0.02 சதவீதம் பேரின் மெயில் பெட்டி காலியாகத் தெரிந்தது. கூகுள் பல கம்ப்யூட்டர்களில் நகல் வைத்திருந்தது. பிழை அந்த நகல்களையும் தொட்டுவிட்டது. கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? பழைய கால டேப்! தனியாகக் கழற்றி வைத்திருந்த டேப்பில் இருந்துதான் மெயிலைத் திரும்ப ஏற்றினார்கள்.

அதற்கு முன் 2009 அக்டோபரில் அமெரிக்காவில் "சைட்கிக்" போன் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். மைக்ரோசாப்டின் துணைக் கம்பெனி பாதுகாத்த நம்பர், படம் எல்லாம் போய்விட்டது என்றே முதலில் சொன்னார்கள். பெரும்பாலானதை மீட்டதாகச் சொல்வதற்குள் வாடிக்கையாளர்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கவர்ன்மெண்டும் தப்பவில்லை. 2025 செப்டம்பர் 26-ந் தேதி தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசு தகவல் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பைல் வைக்கும் "ஜி-டிரைவ்" சாம்பல் ஆயிற்று. 858 டெராபைட்! இவ்வளவு பெரிசுக்கு எப்படி நகல் எடுப்பது என்று வெளியே நகல் வைக்காமல் விட்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டரில் கரை கண்ட நாட்டுக்கே இந்தக் கதி. மண்ணடி கடையின் ஒற்றைப் பெட்டி எம்மாத்திரம்?

நகல் வேறு, பிரதிபலிப்பு வேறு

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. கூகுளில் நம்பர் இருந்தால், போனில் அழித்ததும் அங்கேயும் அழிந்துவிடும். கண்ணாடி போல. இங்கே என்ன நடக்கிறதோ அதுவே அங்கேயும் தெரியும். கண்ணாடியை நகல் என்று நினைக்கக் கூடாது.

அழித்த நம்பர் கூகுள் குப்பைக்கூடையில் 30 நாள் கிடக்கும். அதற்குள் பார்த்தால் பிழைத்தது. 31-வது நாள் போனால் கிடைக்காது.

2 வருடம் தொடாமலே கிடக்கும் தனிநபர் கணக்கை அழிப்போம் என்று 2023-ல் கூகுள் அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அழிக்கவும் தொடங்கியது. "பழைய ஐ.டி.யில் எல்லாம் பத்திரமா இருக்கு" என்று சும்மா இருப்பவர்கள் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது.

சிட்டையும் பேரேடும்

நகல் எடுப்பது வியாபாரிக்குப் புது விஷயமா? இல்லவே இல்லை.

அந்தக் காலத்தில் கணக்குப்பிள்ளை சிட்டையில் எழுதுவார். சாயந்திரம் அதையே பேரேட்டில் ஏற்றுவார். ஒன்றைக் கறையான் அரித்தாலும் இன்னொன்று பேசும். ஒரே நோட்டை நம்பி எந்தச் செட்டியாரும் கடை நடத்தியதில்லை.

இன்று நோட்டு போய் கம்ப்யூட்டர் வந்தது. வேலை சுலபம் ஆயிற்று. அந்த ஜாக்கிரதை மட்டும் எங்கே போயிற்று?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை கடைக்குள் தண்ணீர் புகுந்தது! 2023 டிசம்பரில் "மிக்ஜாம்" புயல் மறுபடி முழங்கால் தண்ணீரில் நிறுத்தியது. தரையில் இருக்கும் பெட்டிதான் முதலில் முழுகும். பெட்டி மேலேயே நகல் டிஸ்க்கையும் வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து முழுகும்.

அதனால்தான் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் "3-2-1" என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். பிரதி 3 இருக்க வேண்டும். 2 விதமான பொருளில் இருக்க வேண்டும். 1 வேறு இடத்தில் இருக்க வேண்டும். கடையில் ஒன்று, கடை டிஸ்க்கில் ஒன்று, வீட்டில் ஒன்று. அவ்வளவுதான்!

டிஸ்க்கை எப்போதும் பெட்டியில் செருகியே வைப்பதும் தப்பு. பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். எடுத்தவுடன் கழற்றிவிட வேண்டும்.

போன் நம்பரை "எக்ஸ்போர்ட்" செய்தால் "வி.சி.எப்." என்று ஒரு சின்ன பைல் வரும். அதை டிஸ்க்கில் போட்டுக்கொள்ளலாம். ஜிமெயிலை மொத்தமாக இறக்க "கூகுள் டேக்-அவுட்" இருக்கிறது. காசு கிடையாது.

எடுத்த நகலை மாதம் ஒரு தடவை திறந்து பார்ப்பது முக்கியம். திறக்காத நகலை நம்புவது, நனைந்த தீப்பெட்டியை நம்புவது மாதிரி.

அதில் இருப்பது மற்றவர்களின் நம்பரும் விலாசமும். டிஸ்க்கைக் கண்ட இடத்தில் போட்டு வைக்கக் கூடாது. கல்லாப் பெட்டி போலப் பூட்டி வைக்க வேண்டும்.

கையெழுத்து எங்கே?

சரி, தப்பு யார் மேல்?

பைல் எங்கே என்று தெரிந்துகொள்ளாத முதலாளி மேல் ஒரு பங்கு. "அது கிளார்க்குக்குத் தெரியும்" என்று சொல்பவர்கள் உண்டு. கிளார்க் வேலையை விட்டுப் போனால் பாஸ்வேர்டும் அவரோடு போகும். அப்புறம் யாரைக் கேட்பது?

முக்கியமான பைலை மறைவு அறையில் வைத்துப் பழக்கிய கம்பெனிகள் மேலும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் ரிப்பேர் கடைக்காரர்கள் "நான்தான் கேட்டேனே" என்று கையைக் கழுவ முடியுமா? ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன் டாக்டர் விவரம் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார். "என்ன வேணும்?" என்று பொதுவாகக் கேட்டால் நோயாளி என்ன சொல்வார்? தெரிந்தவர்தான் தெரியாதவரை விவரமாகக் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. மெயில் எதில் பார்க்கிறீர்கள்? விலாசம் எதில் இருக்கிறது? கணக்கு எதில் எழுதுகிறீர்கள்? இந்த மூன்றையும் ரசீதிலேயே அச்சடித்து, எதிரே பதில் எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகே அழிக்க வேண்டும். வியாபாரி சங்கங்கள் மனது வைத்தால் இதை நாளைக்கே வழக்கத்துக்குக் கொண்டுவரலாம். நல்ல மெக்கானிக்குகள் இப்போதே இப்படித்தான் கேட்கிறார்கள்.

அழிந்த பிறகு மீட்க முடியாதா? பழைய சுழலும் டிஸ்க்காக இருந்து, மேலே வேறு எதுவும் எழுதாமல் இருந்தால் கொஞ்சம் கிடைக்கலாம். இப்போது வரும் "எஸ்.எஸ்.டி." டிஸ்க்கில் அந்த நம்பிக்கையும் குறைவு. காசு மட்டும் கரையும்.

பாக்கி கேட்டால் சாட்சி எங்கே?

இது வெறும் மெயில்தானே என்று நினைக்கக் கூடாது.

"நான் அந்தச் சரக்கை ஆர்டரே பண்ணலே" என்று எதிராளி சொன்னால், கடைக்காரர் கையில் இருக்கும் ஆயுதம் அந்த மெயில்தான். 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, கம்ப்யூட்டர் பதிவையும் உரிய சான்றோடு கொடுத்தால் கோர்ட்டு ஏற்கும் என்கிறது. சட்டம் ஏற்கத் தயார். கொடுக்கக் கையில் மெயில் இருக்க வேண்டுமே!

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. அதனால் பழைய பெட்டியை மாற்றும் வேலை பல கடைகளில் நடக்கிறது. பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் மூட்டையை எடுத்தாயிற்றா என்று ஒரு தடவை பார்க்கட்டும்.

இன்று சாயந்திரம் கடை அடைப்பதற்கு முன் 10 நிமிடம் ஒதுக்கினால் போதும். ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்காத கடைக்காரர் உண்டா?

மெயிலையும் ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டியதுதானே!